ஜாமீன்

பதினெட்டு மணி நேரம் பட்டினி.
தண்ணீருக்கு மட்டும் தடையில்லை.
கூண்டின் அடியில் கம்பிவலை,
பசி தாங்காமல் தன் புழுக்கையைத் தானே தின்றுவிடாதபடிக்கு.
இட்டஜாயியில் மழை.
துறைமுகச் சங்கு ஊதி ஓய்வதற்குள்
முப்பது வால்களிலும் மையால் எண் போட்டிருந்தேன்.

இலை, பேராசிரியர் ஸெனாய்டியின் கொல்லையிலிருந்து வந்தது.
விளிம்பெல்லாம் முள். காய்ந்த பிறகும் விரலைக் கீறும்.
இந்தப் பக்கத்தில் அதற்குப் புனித முள் என்று பெயர்.
கீறுகிற இலைக்கு எதற்குப் புனிதப் பட்டம் என்று
யாரும் கேட்டதில்லை.
வயிறு எரிந்தவர்கள் குடித்தார்கள்,
பெயர் வைத்தார்கள், போனார்கள்.
எத்தனாலில் ஊறவைத்து, வடித்து, வற்றவிட்டால்
குடுவையின் அடியில்
பாகு முற்றிய வெல்லத்தின் நிறத்தில் ஒரு பிசின்.
எண்பது கிராம் இலைக்கு ஏழு கிராம்.

முதலில் சாறு. ஒரு மணி கழித்து இண்டோமெத்தசின்.
குமிழ் முனை ஊசியை நாக்கின் மேல் சறுக்கித்
தொண்டைக்குள் இறக்கும்போது
ஒவ்வொன்றும் என் கட்டைவிரலைப் பற்றிக்கொள்ளும்,
முன்னங்கால் இரண்டாலும்.
வேலைக்கு வந்து பதினோரு வருடம்.
அந்தப் பிடியை எழுத
நோட்டில் இன்னும் கட்டம் இல்லை.

பிறகு ஆறு மணி நேரம் காத்திருப்பு.
அந்த இடைவெளியில்தான் நான் சோறும் கறுப்பு அவரையும் தின்கிறேன்.
அடெலாரை அழைக்கிறேன்:
என் தம்பி, கன்டெய்னருக்குச் சங்கிலி மாட்டுகிறவன்.
முதுகு எப்படி?
போட்டுக்கிட்டேன்.
சாப்பிட்டுட்டா?
கிரேன் சத்தம் மட்டும் கேட்கிறது.
ஷிப்டுக்கு முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று,
மேஸ்திரியின் முகத்தைப் பார்த்து இன்னொன்று.
முதுகு வாங்கிய கடனுக்கு
வயிறு ஜாமீன்.

இரைப்பையைப் பெரிய வளைவோடு வெட்டி
உப்புநீரில் அலசி
கார்க் பலகையில் விரித்துக் குண்டூசி குத்தினால்
உள்ளங்கையில் பாதிகூட வராது.
லென்ஸில்: வெளிறிய மடிப்புகள்,
மடிப்பின் முகட்டில் கறுஞ்சிவப்புக் கோடுகள்,
உள்ளிருந்து யாரோ நகத்தால் பிறாண்டிய மாதிரி.
ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி.
எது தண்ணீர் குடித்தது, எது இலை குடித்தது,
எனக்குச் சொல்லமாட்டார்கள்.
சொன்னால் கண் பாரபட்சம் பார்க்குமாம்.

ஒன்பது. பதினான்கு. பன்னிரண்டு. மூன்று.
பதினேழாம் எலியில் கை நின்றது.
ஒரு கீறல் இல்லை.
விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன்,
ஈர மெழுகு போல மினுங்கியது.
என் வயிற்றில் பால் வார்த்தது.
இலைதான், இது இலையேதான் என்று
முகமூடிக்குள் சொல்லிக்கொண்டேன்,
துறைமுகம் வரை கேட்கட்டும் என்பது போல.

வெள்ளிக்கிழமை உறையைப் பிரித்தார்கள்.
பதினேழு: தண்ணீர். மாத்திரை. வேறொன்றுமில்லை.

சில வயிறுகள் அப்படி, என்றார் ஸெனாய்டி.
அதை விட்டுவிட்டால்
இலையின் கணக்கு இன்னும் அழகாக வருமே
என்றான் க்ளெய்சன், சுவரைப் பார்த்துக்கொண்டு.
யாரும் பதில் சொல்லவில்லை.
நான் பூஜ்யத்தை மையில் எழுதியிருந்தேன்,
பென்சிலில் அல்ல.

அப்படியும் இலைக்குப் பழுதில்லை:
நடு அளவு கொடுத்தவற்றில் கோடுகள் பாதி.
அதிகம் கொடுத்தவற்றில் ஏனோ குறையவில்லை.
காரணம் தெரியாது. மறுபடி செய்யவேண்டும்.
எலியிலிருந்து மனிதனுக்கு
எத்தனை வருட நடை என்று எனக்குத் தெரியும்.
அடெலாரின் முதுகுக்குத் தெரியாது.

அன்றிரவு அவன் வீட்டுக்குப் போனேன்.
இலை கொண்டுபோகவில்லை.
ரொட்டி, பாலாடைக்கட்டி,
செவ்வாய்க்கிழமைக்கு கிளினிக்கில் வாங்கிய சீட்டு.
மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேட்டேன்,
மரில்டா பரிமாறிக்கொண்டிருக்கும்போதே.
சிரித்தான்.
பிறகு சிரிக்கவில்லை.
பேண்ட் பைக்குள் கைவிட்டு
மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தான்.
வெள்ளித்தாள் கிழிந்த குழிகள்.
கேட்காமலே என் கண் எண்ணத் தொடங்கியது.
ஒன்று. இரண்டு.
மரில்டா கரண்டியைக் கீழே வைத்தாள்.